தன் ஆடையைத் தானே அணியும் குழந்தை

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் முன்னோர் மொழி. அந்த ஆடையை அணிவிப்பவர் யார் என்று பழமொழி கேட்பதில்லை. காலை ஏழு மணிக்கு நம்மவர் வாழும் குடியிருப்புகளின் பக்கம் சென்று பார்த்தால் அதற்கு விடை கிடைத்துவிடும். முதல் வகுப்பில் படிக்கும் பிள்ளை நாற்காலியில் அமர்ந்து கால்களை நீட்டிக்கொண்டிருக்கும். தாய் ஒரு காலுக்கும் தந்தை மறு காலுக்கும் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருப்பார்கள். பாட்டியார் ஊரிலிருந்து வந்திருந்தால், பின்னே நின்று இட்லியை ஊட்டிக்கொண்டிருப்பார். தெருமுனையில் பள்ளி வண்டியின் ஒலி கேட்டதும் வீடே பதறும். பிள்ளை மட்டும் பதறாது. ஏனெனில் அதற்கு அங்கே வேலை ஒன்றுமில்லை.

எழுத்தும் எண்ணும் கற்பிக்க நாம் படும் பாடு கொஞ்சமன்று. ஐந்து வயதுக் குழந்தை இருபது வரை வாய்ப்பாடு ஒப்பிப்பதைக் கேட்டு மகிழ்கிறோம். அதே குழந்தை தன் சட்டைப் பொத்தானைத் தானே மாட்டுமா என்று கேட்டால், "அது எதற்கு இப்போது? வளர்ந்தால் தானே வந்துவிடும்" என்று சொல்லிவிடுகிறோம். வளர்ந்தால் வருவது உயரம். கைத்திறன் பழகினால்தான் வரும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது விரல்களுக்கும் பொருந்தும் அன்றோ?

இது சிறிய செய்தி அன்று

ஊரில் கூட்டுக் குடும்பத்தில் வளரும் குழந்தைக்கு அத்தை இருப்பாள், சித்தப்பா இருப்பார், தன்னைவிட இரண்டு வயது மூத்த பெரியப்பா மகன் இருப்பான். அவர்களைப் பார்த்தே பாதி பழகிவிடும். ஆடையும் அங்கே எளியது: ஒரு பனியன், ஒரு கால்சட்டை, காலுக்கு ரப்பர்ச் செருப்பு. அவ்வளவே.

தில்லியிலும் கான்பூரிலும் ஜபல்பூரிலும் நிலைமை வேறு. மார்கழி, தை மாதங்களில் ஒரு பள்ளிப் பிள்ளை அணிவனவற்றை எண்ணிப் பாருங்கள்: உள்ளே கம்பளிப் பனியன், அதன்மேல் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு, இடுப்பில் கால்சட்டை, பெல்ட், கழுத்தில் டை, காலில் காலுறை, நாடா வைத்த பூட்ஸ், தலையில் குல்லாய். மொத்தம் பத்து உருப்படிகள். இவற்றை அணிவித்து அனுப்பும் அன்னை பள்ளியில் உடன் இருப்பதில்லை. நண்பகலில் வெயில் ஏறும்போது ஸ்வெட்டரைக் கழற்றுவதும், விளையாட்டு வகுப்பில் பூட்ஸை மாற்றுவதும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிப்பறைக்குச் சென்று மீள்வதும் குழந்தையே செய்துகொள்ள வேண்டிய காரியங்கள்.

எங்கள் குடியிருப்பில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். பள்ளிக்குக் கொண்டுசென்ற தண்ணீர்ப் புட்டி நாள்தோறும் நிறைந்தபடியே திரும்பி வந்தது. பெற்றோர் முதலில் கண்டித்தனர்; பிறகு நோயோ என்று அஞ்சி மருத்துவரிடம் காட்டினர். நோய் ஒன்றுமில்லை. பல நாட்கள் தட்டிக்கொடுத்துக் கேட்டபின் ஒரு மாலையில் பாட்டியின் காதில் மட்டும் உண்மையைச் சொன்னாள். குளிர்காலச் சீருடைக் கால்சட்டையின் கொக்கியை அவளால் கழற்ற இயலவில்லை. ஒருமுறை உதவி கேட்டதற்கு மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டனர். அன்று முதல், தண்ணீர் குடித்தால்தானே கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று குடிப்பதையே நிறுத்திவிட்டாள். ஆறு வயதுக் குழந்தை தன் மானத்தைக் காத்துக்கொள்ளத் தாகத்தை அடக்கியிருக்கிறது! தாயார் அக்கொக்கியை எடுத்துவிட்டு இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்தார். மறுநாளே புட்டி காலியாக வந்தது. கொக்கி கழற்றும் பழக்கம் வீட்டிலேயே நிதானமாக நடந்து, அடுத்த குளிர்காலத்திற்குள் அதுவும் கைவந்தது.

ஆகவே உடுத்தப் பழக்குவது அழகுக்காக மட்டும் அன்று. அது குழந்தையின் உடல்நலத்தையும் தன்மதிப்பையும் காப்பதாகும். எனவே வரிசையில் முதலிடம் பெற வேண்டியது பூட்ஸ் நாடா அன்று. கால்சட்டையையும் பாவாடையையும் தானே அவிழ்த்து மீண்டும் அணியும் திறனே. பள்ளியில் சேர்க்கும் முன் இதைப் பழக்கிவிடுதல் பெற்றோரின் முதற்கடமை.

எந்த வயதில் எது?

குழந்தைகள் யாவரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். எனினும் பொதுவான வரிசை ஒன்று உண்டு. முதலில் வருவது கழற்றுதல், பிறகுதான் அணிதல். இரண்டு வயதுக் குழந்தை குல்லாயையும் காலுறையையும் பிடுங்கி எறிவதை நாம் குறும்பு என்கிறோம். உண்மையில் அதுவே முதற்பாடம். மூன்று வயதில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டையை ஏற்றவும் இறக்கவும், பெரிய பொத்தான்களை முயன்று பார்க்கவும் தொடங்கும். நான்கு வயதில், சிறு உதவியுடன், சட்டையைத் தானே அணியும், ஜிப்பை ஏற்றும். பூட்ஸ் நாடா முடிவதற்கு ஐந்து, ஆறு வயது ஆகும். சிலருக்கு ஏழும் ஆகலாம். அடுத்த வீட்டுப் பிள்ளை நான்கு வயதிலேயே முடிந்துவிட்டான் என்பதற்காக நம் பிள்ளையை நாணச் செய்ய வேண்டுவதில்லை.

நாடாவுக்கு வயது வரும்வரை ஒட்டுப்பட்டை வைத்த பூட்ஸ் வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை. வெல்க்ரோ எனப்படும் இப்பட்டைக்கு வித்திட்டவர் ஜார்ஜ் டெ மெஸ்ட்ரால் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர். 1941இல் வேட்டைக்குச் சென்று திரும்பியபோது தம் நாயின் மயிரில் ஒட்டியிருந்த முட்காய்களை ஆராய்ந்து அவர் இதைக் கண்டறிந்தார். நம் ஊர்க் கரம்பில் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் நாயுருவி விதையும் ஏறக்குறைய அத்தகையதே. ஆனால் ஒட்டுப்பட்டையோடு நின்றுவிடலாகாது. முடிச்சு ஒன்றைத் தன் கையால் முடிந்து, அது தன் நடையைத் தாங்குவதைக் காணும் குழந்தை அடையும் பெருமிதத்தைப் பட்டை தருவதில்லை.

கற்பிக்கும் வகை

குழந்தைகள் ஆடை அணியப் பழகுவதைக் கல்வியின் ஓர் அங்கமாகவே வைத்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். மருத்துவம் பயின்ற இத்தாலியப் பெண்மணியாகிய அவர், 1907இல் ரோம் நகரின் ஏழைகள் வாழும் பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். மரச்சட்டம் ஒன்றில் இரண்டு துணிகளைப் பொருத்தி, நடுவில் பொத்தான் மட்டும் வைத்தது ஒன்று, கொக்கி வைத்தது ஒன்று, நாடா வைத்தது ஒன்று என்று தனித்தனியே செய்து குழந்தைகளிடம் கொடுத்தார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு தொல்லையை மட்டும் குழந்தையின் முன் வைக்க வேண்டும் என்பது அதன் உட்பொருள். அவருக்கும் நம் தமிழகத்திற்கும் உறவு உண்டு. 1939இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறுக்கு வந்தவர், உலகப்போர் காரணமாக 1946 வரை இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். நம் நாட்டு ஆசிரியர் பலர் அவரிடம் நேரே பயிற்சி பெற்றனர்.

அத்தகைய சட்டங்களை விலைகொடுத்து வாங்க வேண்டுவதில்லை. அப்பாவின் பழைய சட்டையைத் தலையணைக்கு அணிவித்துவிட்டால் அதுவே பொத்தான் சட்டம். தேர்வெழுதும் அட்டையிலோ பூட்ஸ் வந்த பெட்டியின் மூடியிலோ எட்டுத் துளைகள் இட்டு நாடாவைக் கோத்துவிட்டால் அதுவே நாடாச் சட்டம்.

இனி முறைகளைக் கூறுவேன்.

முதலாவது, நேரம். பள்ளிக்குப் புறப்படும் காலை வேளை கற்பிக்கும் வேளை அன்று. பதறாத காரியம் சிதறாது. மாலையில் பள்ளியிலிருந்து வந்து சீருடையைக் களையும் நேரமும், ஞாயிறு பிற்பகலும் தக்கவை. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும்.

இரண்டாவது, அமரும் இடம். குழந்தைக்கு எதிரே அமர்ந்து செய்து காட்டினால் நம் வலம் அதற்கு இடமாகத் தெரியும், பாவம், குழம்பிவிடும். அருகிலோ, மடியில் இருத்திக்கொண்டு பின்புறமிருந்தோ காட்ட வேண்டும்.

மூன்றாவது, கடைசிப் படியிலிருந்து தொடங்குதல். காலுறை அணிவதென்றால், குதிகால் வரை நாமே மாட்டிவிட்டு, மேலே இழுப்பதை மட்டும் குழந்தையிடம் விட வேண்டும். அது கைவந்ததும், பாதம் வரை மட்டும் நாம் மாட்டுவது, மீதி குழந்தை. இவ்வாறு பின்னோக்கி வந்தால் ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பது குழந்தையாகவே இருக்கும். "நானே போட்டேன்" என்ற மகிழ்ச்சி முதல் நாளே கிடைத்துவிடும். முதற்படியைக் குழந்தை செய்து, அது தடுமாறியவுடன் மீதியை நாம் பறித்து முடிப்பது இதற்கு நேர்மாறானது. அதில் குழந்தை கற்பது தன் தோல்வியை மட்டுமே.

நான்காவது, ஒன்று முடிந்தபின் ஒன்று. இரயில்வேயில் ஒரு நிலையத்தை விட்ட வண்டி அடுத்த நிலையத்தைப் பத்திரமாகச் சேர்ந்தது என்ற செய்தி வந்தால்தான் பின்வரும் வண்டிக்கு 'லைன் கிளியர்' கிடைக்கும். அவசரம் என்று சொல்லி இரண்டு வண்டிகளை ஒரே பிரிவில் விடுவதில்லை. குழந்தைக்குக் கற்பிப்பதிலும் இவ்விதி ஏற்றது. ஒரு படி தங்குதடையின்றி வந்தபின்னரே அடுத்ததைக் காட்டுக.

பொத்தானும் கம்பளியும்

புதுச் சட்டையின் பொத்தான் துளைகள் இறுக்கமாக இருக்கும். பேனாவின் முனைப்பக்கத்தை இரண்டு மூன்று முறை நுழைத்து எடுத்தால் இளகிவிடும். பொத்தானைத் துணியோடு ஒட்டித் தைக்காமல், நூலைச் சற்றே நீளவிட்டுத் தைத்தால் சிறு விரல்களுக்குப் பிடி கிடைக்கும். மேலிருந்து மாட்டத் தொடங்கும் குழந்தை பெரும்பாலும் ஒன்று தவறி, கீழே ஒரு பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். சட்டையின் இரு கீழ்முனைகளையும் ஒன்றுசேர்த்துப் பிடித்து, கண்ணுக்கு எதிரே தெரியும் கடைசிப் பொத்தானிலிருந்து மேல்நோக்கிச் செல்வதே எளிது. கழுத்துப் பொத்தான் கண்ணுக்குத் தெரியாது. மணிக்கட்டுப் பொத்தானை ஒரே கையால் மாட்ட வேண்டும். இவ்விரண்டையும் கடைசிக்கு ஒத்திவைக்கலாம்.

ஸ்வெட்டர் அணியும்போது உள்சட்டையின் கை சுருண்டு முழங்கைக்கு ஏறிவிடுவதும், குழந்தை அழுவதும் குளிர்காலத்தில் நாள்தோறும் நடப்பதே. சட்டைக் கையின் விளிம்பை விரல்களால் உள்ளங்கையில் பற்றிக்கொண்டு ஸ்வெட்டர்க் கையில் நுழைக்கச் சொல்லுங்கள், சுருளாது. கோட்டு அணியவும் ஓர் எளிய வழி உண்டு. கோட்டின் உட்புறம் மேலே தெரியும்படி தரையில் விரித்து, கழுத்துப் பக்கம் குழந்தையின் காலடியில் இருக்குமாறு வைக்க வேண்டும். குழந்தை குனிந்து இரு கைகளையும் கோட்டின் கைகளில் நுழைத்துத் தலைக்குமேல் தூக்கிப் பின்னே போட்டால் கோட்டு தானே முதுகில் அமர்ந்துவிடும். பிள்ளைகள் இதை ஒரு வித்தை போலவே கருதி மகிழ்வார்கள்.

கால்சட்டையை நின்றுகொண்டு அணிய முயன்றால் குழந்தை தள்ளாடி விழும். தாழ்ந்த மணையில் உட்கார்ந்து இரு கால்களையும் நுழைத்தபின் எழுந்து நின்று ஏற்றிக்கொள்ளட்டும். ஜிப்பின் பிடியில் சிறு நூல்வளையம் ஒன்றைக் கட்டிவிட்டால் விரல் மாட்டி இழுக்கலாம். பாவாடை நாடாவைக் குழந்தைகள் பெரும்பாலும் கடும் முடிச்சாகப் போட்டுவிட்டு, அவிழ்க்க முடியாமல் தவிக்கும். ஒரு நுனியை இழுத்தால் அவிழும் சுருக்கைப் பழக்கும்வரை எலாஸ்டிக்கே நல்லது.

பூட்ஸ் நாடா

இனி நாடாவுக்கு வருவோம். முதலில் எந்தக் காலுக்கு எந்தப் பூட்ஸ் என்பது தெரிய வேண்டும். ஒரு மயில் படத்தையோ இரயில் வண்டிப் படத்தையோ நடுவே வெட்டி, இடப்பாதியை இடது பூட்ஸின் உள்ளேயும் வலப்பாதியை வலது பூட்ஸின் உள்ளேயும் ஒட்டிவிடுங்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் படம் முழுமையானால் வரிசை சரி.

பழகுவதற்குத் தட்டையான பருத்தி நாடா ஏற்றது. உருண்டையான நைலான் நாடா வழுக்கும். வெள்ளை ஒன்றும் சிவப்பு ஒன்றுமாக இரு நாடாக்களைப் பாதியாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பாதியை எடுத்து நடுவில் முடிந்து கோத்துக்கொண்டால், எது எங்கே செல்கிறது என்பது கண்ணுக்குத் தெளிவாகும். பூட்ஸைக் காலில் அணியாமல், மணைமேல் வைத்து, அதன் முன்முனை குழந்தைக்கு அப்பால் நோக்கியிருக்குமாறு அமைத்துக்கொள்ளுங்கள்.

முதற்படி: சிவப்பை வெள்ளையின்மேல் குறுக்கே போட்டு, கீழே உள்ள சந்தில் நுழைத்து, இரண்டையும் இழுத்து இறுக்குதல். இது அரை முடிச்சு. இது மட்டும் ஒரு வாரம் நடக்கட்டும்.

இரண்டாம் படி: ஒவ்வொரு நாடாவையும் மடித்து வளையமாக்கிப் பிடித்தல். முயலின் இரு காதுகள் போல் தோன்றும். வளையம் பெரிதானால் நழுவும். குழந்தையின் சுண்டுவிரல் நீளம் போதும்.

மூன்றாம் படி: ஒரு காதை மற்றொரு காதின்மேல் குறுக்கே போட்டு, முன்போலவே சந்தில் நுழைத்து, இரண்டு காதுகளையும் பக்கவாட்டில் இழுத்தல். முடிச்சு முடிந்தது.

பெரியவர்களில் பலரும் கவனியாத நுட்பம் ஒன்று இங்கே உண்டு. முதற்படியில் எந்த நிறம் மேலே சென்றதோ, மூன்றாம் படியிலும் அதே நிறமே மேலே செல்ல வேண்டும். அப்படிச் செய்தால் வளையங்கள் பூட்ஸின் குறுக்கே, வலமும் இடமுமாக, நேராக அமரும். நிறம் மாறிவிட்டால் வளையங்கள் ஒன்று விரலை நோக்கியும் மற்றொன்று குதிகாலை நோக்கியும் கோணிக்கொண்டு நிற்கும். பார்வைக்கு இரண்டும் முடிச்சே; உறுதியில் இரண்டும் ஒன்றல்ல. கோணல் முடிச்சு விரைவில் அவிழும். உங்கள் காலையே இப்போது குனிந்து பாருங்கள். கோணலாக இருப்பின் முதற்படியை மட்டும் மாற்றிப் போட்டால் போதும்.

நாடா ஏன் தானே அவிழ்கிறது என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் பெர்க்லி நகரத்திலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் 2017இல் இதை வெளியிட்டனர். ஒவ்வோர் அடியிலும் பாதம் தரையில் மோதும் அதிர்ச்சி, புவியீர்ப்பைப்போல் ஏழு மடங்கு அளவில், முடிச்சை இளக்குகிறது. கால் முன்னும் பின்னும் வீசும்போது நாடாவின் தொங்கும் நுனிகள் சாட்டைபோல் அசைந்து இழுக்கின்றன. இரண்டும் சேர்ந்ததும் முடிச்சு சில நொடிகளில் விட்டுப்போகிறது. ஓடி ஆடும் பிள்ளையின் நாடா அவிழ்வதற்கு அதன் சோம்பல் மட்டும் காரணம் அன்று என்பதை ஆசிரியர்களும் பெற்றோரும் இதிலிருந்து அறியலாம்.

அவிழாதிருக்க இரட்டை முடிச்சுப் போட்டு அனுப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. மாலையில் அதை அவிழ்க்கக் குழந்தையால் முடியாது. நனைந்துவிட்டால் பெரியவர்களுக்கே பல் தேவைப்படும். சரியான ஒற்றை முடிச்சும், தொங்காத குட்டை நுனிகளுமே சிறந்தவை. தொங்கும் நாடா ஆபத்தானதும்கூட. இரயில் நிலைய மேம்பாலப் படிகளில் தன் நாடாவையே மிதித்து இடறும் பிள்ளைகளை நான் அடிக்கடி காண்கிறேன். மெட்ரோ நிலையங்களின் நகரும் படிக்கட்டில் ஏறும் முன் நாடாவைப் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

நாடாவும் நம் மொழியும்

நம் சங்கத்து அன்பர்கள் அடிக்கடி வருந்திப் பேசுவது, பிள்ளைகள் தமிழை மறந்துவருகிறார்கள் என்பதே. "பட்டன் ஓப்பன் பண்ணு", "ஷூ டை பண்ணு" என்று எல்லாவற்றையும் 'பண்ணு'வதே அவர்கள் தமிழாகிவிட்டது. வாரம் ஒருமுறை நடக்கும் வகுப்பால் மட்டும் இது தீராது. நாள்தோறும் ஆடை அணியும் அந்தப் பத்து நிமிடமே ஒரு தமிழ் வகுப்பாகலாம்.

நம் மொழியில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி வினை உண்டு. வேட்டி கட்டுகிறோம், சேலை உடுத்துகிறோம், சட்டை போடுகிறோம், பொத்தான் மாட்டுகிறோம், ஊக்குக் குத்துகிறோம், நாடா முடிகிறோம், தலை வாருகிறோம், சடை பின்னுகிறோம், பூச் சூடுகிறோம், பொட்டு வைக்கிறோம். இவற்றைப் புத்தகத்தில் படித்தால் பாடம்; கையால் செய்துகொண்டே சொன்னால் பேச்சு.

வெளியூரில் வளரும் குழந்தைக்கு முதலில் கைநழுவுவது ழகரம். நாடா முடியும் வேலையில் வரும் சொற்களைப் பாருங்கள்: இழு, நுழை, அவிழ், கழற்று, நழுவு, கீழ். இத்தனையிலும் ழகரம் இருக்கிறது. "வலது காலின் வளையத்தை அவிழ்" என்ற ஒரே கட்டளையில் லகரம், ளகரம், ழகரம் மூன்றும் வந்துவிடுகின்றன. தினமும் மாலையில் இதைச் சொல்லச் சொல்லி அவிழ்க்க வைத்தால் விரலும் நாவும் ஒருங்கே பழகும்.

பாட்டியும் தந்தையும்

பாட்டிமார் பேரப்பிள்ளைக்குப் பூட்ஸ் மாட்டிவிடுவது அன்பினால். ஆண்டுக்கு ஒருமுறை வருகின்றவர்கள் அவர்கள். அக்கையை விலக்குவது அழகன்று. அவர்களுக்கு வேறொரு பணியை வேண்டிக்கொள்ளலாம். பூத்தொடுக்கும் கை முடிச்சின் இலக்கணம் அறிந்த கை. நூலை விரலில் வளைத்து, காம்பின்மேல் மாட்டி, இழுத்து இறுக்கும் அச்செயலும் பூட்ஸ் நாடாவின் செயலும் உடன்பிறந்தவை. பேரனையும் பேத்தியையும் அருகில் இருத்திப் பூத்தொடுக்கக் கற்பித்தால், நாடா தானே எளிதாகும். குளிர்காலத்தில் பச்சைப் பட்டாணி உரிப்பதும், சப்பாத்தி மாவில் சிறு உருண்டை பிடிப்பதும், கொடியில் கிளிப்பு மாட்டுவதும் விரல்களுக்கு வலிவு தருவன.

பேரன் என்று சொன்னது வேண்டுமென்றேதான். பெண்குழந்தைக்கு ஆறு வயதில் எல்லாவற்றையும் பழக்கிவிட்டு, ஆண்குழந்தைக்குப் பத்து வயதுவரை தாயே காலுறை மாட்டிவிடும் வழக்கம் இன்னும் நம் வீடுகளில் மறையவில்லை. அப்பிள்ளை நாளை விடுதியில் தங்கிப் படிக்கும்போது அல்லற்படுவான்.

இப்பணி தாய்க்கு மட்டுமே உரியது என்று தந்தைமார் ஒதுங்குவதும் சரியன்று. குஜராத்தில் பாவ்நகரில் வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு 1920இல் பால மந்திரம் என்ற குழந்தைப் பள்ளியைத் தொடங்கிய கிஜுபாய் பதேகாவை 'மீசை வைத்த தாய்' என்று மக்கள் அன்போடு அழைத்தனர். அப்பட்டத்தைப் பெற நமக்கும் தடையில்லை. இரவுப் பணி முடிந்து காலையில் வீடு திரும்பும் தந்தைக்கு உறக்கம் தேவை. ஆனால் மாலையில் அவரே வீட்டில் இருக்கிறார். பள்ளியிலிருந்து வரும் பிள்ளையின் பூட்ஸ் நாடாவுக்கு அவர் ஆசிரியராகலாம்.

தாமதமாகும் குழந்தை

இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையை வலக்கைக்கு மாற்ற முயலவே கூடாது. வலக்கையர் அக்குழந்தைக்குக் கற்பிக்கும்போது மட்டும் எதிரே அமரலாம். கண்ணாடியில் காண்பதுபோல் அப்படியே பார்த்துச் செய்யும்.

பொறுமையாகப் பல மாதங்கள் பழக்கியும் ஏழு, எட்டு வயதில் பொத்தானும் நாடாவும் வரவில்லை, எழுதுவதிலும் பந்து பிடிப்பதிலும் தடுமாற்றம் இருக்கிறது என்றால், அதைச் சோம்பல் என்று அடிப்பது கொடுமை. அறிவில் குறைவில்லாத சில குழந்தைகளுக்குக் கையும் கண்ணும் ஒத்து இயங்குவதில் இயல்பாகவே இடர்ப்பாடு உண்டு. குழந்தை மருத்துவரிடம் காட்டினால், அன்றாடச் செயல்களைப் பழக்கும் சிகிச்சை வல்லுநரிடம் அனுப்புவார். உரிய பயிற்சியால் நல்ல முன்னேற்றம் காணலாம்.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அரைமணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் விண்ணப்பம். செலவு ஒன்றுமில்லை. உறுப்பினர் வீடுகளில் சிறிதாகிப்போன பூட்ஸுகள், பொத்தான் வைத்த பழைய சட்டைகள், ஓடாத ஜிப்புப் பைகள் ஆகியவற்றைச் சேர்த்தால் ஒரு பெட்டி நிறையும். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிமார் இருவர் பூத்தொடுக்கக் கற்பிக்கட்டும். பெரிய வகுப்பு மாணவர் சிறியோர்க்கு நாடா முடியக் காட்டட்டும். பொங்கல் விழாவிற்குப் பெண்குழந்தைகள் தாமே பாவாடை நாடாவை முடிந்துகொண்டும், பையன்கள் ஒட்டுப்பட்டையின்றி நாலு முழ வேட்டியைத் தாமே கட்டிக்கொண்டும் வரலாம். யார் முதலில் கட்டினார் என்று போட்டி வைத்துப் பரிசளிக்க வேண்டா. தாமதமாகக் கட்டுகிறவர்க்கும் அங்கே இடம் இருக்கட்டும்.

பழைய பூட்ஸ் கொடுக்க முன்வரும் அன்பர்கள் அவற்றை நன்றாகத் துடைத்து, நாடாவுடன், ஞாயிறு காலை வகுப்புக்கு வரும்போது கொண்டுவந்து தந்தால் பேருதவியாகும்.